வணிகப் பாதைக்குத் தங்க நாணயம்: நமக்கும் வேண்டுமா?

அட்டன் காசுப்பிரியன்: சீனா 1990களில் பட்டுப் பாதையின் நினைவாகத் தங்க நாணயங்கள் வெளியிட்டது. நம் இலங்கை மத்திய வங்கியும் 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு 5,000 ரூபாய் தங்க நாணயம் போட்டது. அடுத்தது நம் கடல் வணிகத்துக்காக இருக்க வேண்டும். படத்துக்குக் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு போதும். 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பல்கள் கொண்டுவந்தது. 1911இல் கண்டெடுத்தபோது வடிகால் மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. அதில் தமிழ் இருப்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

பதுளைக்காரி: பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் தங்கம் எதற்கு அண்ணே? தோட்டத்தில் ஒரு பவுன் இருந்தாலும் பாதி வருசம் அடகில்தான் கிடக்கும். கையில் புழங்குகிற 10 ரூபாய்க் குத்தியில் போடச் சொல்லுங்கள். அப்புறம், மலையில் இருந்துகொண்டு கடலை மட்டும் பார்ப்பானேன்? கண்டி ராச்சியத்துப் பாக்கு கீழே போனதும், உப்பும் கருவாடும் மேலே வந்ததும் தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்களின் முதுகில்தான்.

அட்டன் காசுப்பிரியன்: தங்கம் என்று சும்மா சொல்லவில்லை தங்கச்சி. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதி வைத்த கதை: யாருடைய அரசர் பெரியவர் என்று ரோம வணிகனும் பாரசீகனும் இலங்கை அரசன் முன்னால் வாதாடினார்கள். இரண்டு நாட்டுக் காசையும் பாருங்கள் என்றான் ரோமன். அவனுடையது பொன், மற்றது வெள்ளி. அரசன் பொன் பக்கம் சாய்ந்தான். அந்தக் கடல்வழிக்குப் பொன்தான் பொருத்தம்.

மாத்தளை லயத்தான்: இரண்டு பேரும் ஒரு பாதையை விட்டுவிட்டீர்கள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த பாதை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் எத்தனையோ பேர் காட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். மிச்சப்பட்டவர்கள் உழைப்பில்தான் காப்பி கப்பலேறியது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியை நினைத்துத்தானே நடந்தோம்?

அட்டன் காசுப்பிரியன்: அது ஆள் கொண்டுவந்த பாதை தம்பி, வணிகப் பாதை இல்லை. கடல்வழி அளவுக்குப் பழமையும் இல்லை. அந்தச் சாவுகளைத் தங்கத்தில் மினுக்க எனக்கு மனசு வராது.

மாத்தளை லயத்தான்: தங்கம் நான் கேட்கவே இல்லை. பின்னாளில் வந்தவர்களுக்குத் தோட்டத்து அடையாளம் குத்திய தகரத் துண்டு கொடுத்தார்கள். அதே மாதிரி, துளையோடு, மலிவு உலோகத்தில் ஒன்று போடட்டும். ஆளைச் சரக்காக எண்ணி ஏற்றியது வணிகம் இல்லையென்றால் வேறு என்ன அண்ணே?

பதுளைக்காரி: அப்படி ஒன்று வந்தால் எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்குவோம். அண்ணே, மத்திய வங்கிக்கு மனு எழுதினால் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கல்வெட்டுக்கு மட்டும் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.