கருவிப் பகுப்பாய்வுப் பாடம்: தேர்வு எதைச் சோதிக்க வேண்டும்?

தரக்கட்டுப்பாட்டாளர்:
முதுகலை வேதியியலில் கருவிப் பகுப்பாய்வுக்குரிய மதிப்பெண்ணில் பாதியையாவது, மாணவர் கருவியைத் தாமே இயக்கிக் காட்டுவதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மருந்து ஆலைக்கு நேர்காணலுக்கு வருபவர்கள் கலவையைக் குழல் வழியே செலுத்திக் கூறுகளாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் கட்டப்படத்தைப் பிழையின்றி வரைகிறார்கள். ஆனால் நகரும் நிலைமையை, அதாவது குழலுக்குள் ஓடும் கரைப்பானை, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, கரைந்த வாயுவையும் நீக்காவிட்டால், பம்பில் குமிழி சிக்கி அழுத்தம் ஏறி இறங்கும் என்பதை அறியாமல் நிற்கிறார்கள். பாஸ்பேட் தாங்கல் கரைசல் ஓடிய குழலைத் தண்ணீரால் கழுவாமல் நேரே அசிட்டோநைட்ரைலைச் செலுத்தினால், உப்பு படிந்து குழலே அடைத்துக்கொள்ளும். இதை எந்த வினாத்தாள் கேட்கிறது?

நிறமாலை:
கல்லூரியில் இப்பாடத்தை நடத்துபவன் என்ற முறையில் மறுக்கிறேன். பம்பைப் பராமரிப்பதை வேலையில் சேர்ந்த பிறகும் பழகிக்கொள்ளலாம்; திரையில் தெரியும் எண்ணைச் சந்தேகிக்கக் கற்பது அப்படியல்ல. கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை மடக்கையில் சொல்லும் உறிஞ்சளவு 3 என்றால், கரைசலைத் தாண்டி வரும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதே அளவு அயல் ஒளி கருவிக்குள் புகுந்து உணர்வியில் விழுந்தால், திரை 2.7 என்று காட்டும். உறிஞ்சளவு செறிவுக்கு நேர்விகிதம் என்னும் பீர்–லாம்பர்ட் விதியை மடக்கையோடு போட்டுப் பார்த்தவர் கரைசலை நீர்க்கச் செய்துவிட்டு மறுபடி அளப்பார். பொத்தானை அழுத்த மட்டும் பழகியவர் அந்த 2.7-ஐ அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவார்.

தரக்கட்டுப்பாட்டாளர்:
அந்தப் பாடம் கரும்பலகையோடு ஏன் நிற்க வேண்டும், ஐயா? பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பல செறிவுகளில் கரைத்து 525 நானோமீட்டர் அலைநீளத்தில் உறிஞ்சளவை அளக்கவிடுங்கள். செறிவு மிகும்போது செறிவு–உறிஞ்சளவுக் கோடு வளைவதை மாணவரே காண்பார், காரணத்தையும் அவரே கேட்பார்.

நிறமாலை:
வளைவு கண்ணுக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். தெரியாத பிழைக்கு என்ன செய்வது? உலோக அணுக்கள் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு அவற்றை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியின் காற்று–அசிட்டிலீன் சுடரில் கால்சியத்தை அளக்கும்போது, மாதிரியில் பாஸ்பேட் இருந்தால் சுடரில் எளிதில் சிதையாத சேர்மம் உருவாகி, கால்சியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். செறிவு தெரிந்த தூய கரைசல்களால் வரைந்த நியமக் கோடோ நேராகவே இருக்கும். லாந்தனம் குளோரைடைச் சேர்த்தால், அதிலுள்ள லாந்தனமே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடுவிக்கும் என்பது, சுடரின் வேதியியலைப் படித்தவருக்கே தோன்றும்.

தரக்கட்டுப்பாட்டாளர்:
அப்படியானால் அதையே செய்முறைத் தேர்வாக வையுங்கள். பால் சாம்பலைக் கரைத்து, லாந்தனம் சேர்த்தும் சேர்க்காமலும் அளக்கச் சொல்லி, இரண்டு எண்களில் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்று கேளுங்கள். கட்டப்படத்துக்குத் தரும் மதிப்பெண்ணை அந்த விடைக்குத் தாருங்கள்.

நிறமாலை:
கட்டப்படத்தை நீக்க எனக்குச் சம்மதம். ஆனால் அதற்கான நேரத்தைக் கோட்பாட்டு வகுப்பிலிருந்து வெட்டி எடுப்பதை நான் தொடர்ந்து எதிர்ப்பேன்.