கோ-பேமண்ட், டிடக்டிபள்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வாசிகளுக்காக மருத்துவக் காப்புறுதி பற்றி ஒரு விளக்கத்தாள் தயாரித்து வருகிறோம். இங்கே பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள். தோட்டத்தில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்த மருந்துக்குக் காசு கேட்டதில்லை. அரசாங்க கிளினிக்கில் இன்றும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் வேலைக்குப் போன பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வீடு அந்தக் கார்டைப் பற்றித்தான் பேச்சு.

சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறப் போகிறது என்று 2024 கடைசியில் நாடே கொதித்தது நினைவிருக்கும். டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. ஏற்றத்தை ஒரேயடியாகச் சுமத்தாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடச் சொன்னது. காப்புறுதி எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் நிற்கும் என்றும் சொன்னது. அதற்கு முன்பே, செப்டம்பர் 1 முதல், கோ-பேமண்ட் உள்ள திட்டத்தையும் காப்புறுதி நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. சந்தா குறையும், அதற்குப் பதிலாக பில்லில் ஒரு பகுதியை நாம் கட்ட வேண்டும். அந்தப் பகுதி இரண்டு வகை: கோ-பேமண்ட் என்றால் பில்லில் குறைந்தது 5 விழுக்காடு, டிடக்டிபள் என்றால் பில்லின் தொடக்கத் தொகையாகக் குறைந்தது 500 வெள்ளி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. என் கைக்கு வந்த தமிழ்த் தாள்களில் இரண்டுக்கும் 'இணைக்கட்டணம்' என்றே போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பில் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 விழுக்காடு கோ-பேமண்ட் என்றால் 1,000 வெள்ளி நம்முடையது. டிடக்டிபள் என்றால் முதல் 500 மட்டும், மீதி முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. அதுவே 2,000 வெள்ளி பில் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும்: கோ-பேமண்டில் 100, டிடக்டிபளில் 500. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் நட்டம் ஏழைக்குத்தான். (திட்டத்தில் கோ-பேமண்டுக்கு உச்சவரம்பு இருந்தால் நாம் கட்டுவது அதைத் தாண்டாது. அதை விளக்கத்தாளில் தனியாகச் சொல்கிறோம்.)

டிடக்டிபளுக்கு 'கழிவுத்தொகை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நம் நாட்டில் கழிவு என்றால் கடையில் தரும் தள்ளுபடி. 'கழிவுத்தொகை 500 வெள்ளி' என்று படித்த பக்கத்து வீட்டு அம்மா, பில்லில் 500 வெள்ளி குறைப்பார்கள் என்று மகிழ்ந்துபோனார். கட்ட வேண்டியதைக் கிடைக்கப் போவதாகக் காட்டும் சொல் இந்த இடத்தில் கூடவே கூடாது.

என் பரிந்துரை: கோ-பேமண்ட் = தன்பங்கு. டிடக்டிபள் = முற்பங்கு. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

—

குளுவாங்கிலிருந்து:

ஐயா, வணக்கம். இலக்கணப்படி 'தன்பங்கு' என்பது 'தற்பங்கு' என்றல்லவா வர வேண்டும்? தற்பெருமை, தற்காப்பு, தற்புகழ்ச்சி எல்லாம் அப்படித்தான். ஆனால் 'தற்பங்கு' என்று எழுதினால் தற்காலிகப் பங்கு என்று படிப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. மலாயில் 'பாயாரான் பெர்சாமா' என்கிறார்கள். அதையொட்டி 'கூட்டுக்கட்டணம்' என்று வைத்தால் என்ன?

—

தெலுக் இந்தானிலிருந்து:

வணக்கம் ஐயா. நான் காப்புறுதி ஏஜெண்டாக இருப்பவள். தினமும் இதைத்தான் விளக்குகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுக்கட்டணம் வேண்டாம். பல கட்டணங்களைக் கூட்டிப் போட்ட மொத்தம் என்றுதான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். யார் கட்டுவது என்பதும் அதில் இல்லை.

முற்பங்கும் ஆபத்து. தனியார் மருத்துவமனையில் படுக்கை கொடுக்குமுன் முற்பணம் கேட்பார்கள். அது டெபாசிட், மீதி இருந்தால் திரும்பி வரும். டிடக்டிபள் திரும்பி வராது. முற்பணம், முற்பங்கு என்று இரண்டையும் ஒரே கவுண்டரில் கேட்டால் நோயாளியின் மகன் குழம்பிவிடுவான்.

என்னிடம் பேசுபவர்கள் 'நாங்க கைக்காசு எவ்வளவு போடணும்?' என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் 'கை' சொல்லுக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை. கோ-பேமண்டுக்கு 'கைப்பங்கு' சரியாக இருக்குமா? ஒரே ஒரு தயக்கம். தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பங்கு என்றாலே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பங்குதான் ஞாபகம் வரும். என் தாத்தா அந்தப் பத்திரத்தைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

இன்னொன்றையும் விளக்கத்தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள், ஐயா. அவசர சிகிச்சைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றின் தொடர் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனையில் பார்த்துக்கொள்வதற்கும் கோ-பேமண்ட் கிடையாது. 'கையில் காசு இல்லையே' என்று நெஞ்சுவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

—

சுங்கை சிப்புட்டிலிருந்து மறுமொழி:

சகோதரிக்கு மிகவும் நன்றி. விலக்குகளை முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுகிறோம்.

'கைப்பங்கு' என்னைப் பிடித்துக்கொண்டது. கைச்செலவு, கைப்பணம், கைமாற்று என்று பணத்தோடு சேர்ந்த 'கை' தமிழில் பழகியது. தம்பி சொன்ன தன்பங்கா தற்பங்கா என்ற கேள்வியும் இதில் எழாது.

கூட்டுறவுப் பங்கு பற்றிய தயக்கத்தை யோசித்துப் பார்த்தேன். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. அவர் இந்த ஊர்க்காரர். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துச் சேர்த்த பங்கு என்பதால் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை உண்டு. ஆனால் 'பில்லில் கைப்பங்கு 5 விழுக்காடு' என்று எழுதும்போது லாப ஈவை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் பில் என்ற சொல் எப்போதும் நிற்கட்டும்.

டிடக்டிபளுக்கு 'முதற்பொறுப்பு' என்று வைக்கலாம் என நினைக்கிறேன். முதல் 500 வெள்ளிக்குப் பொறுப்பு நாம், அதற்குப் பிறகுதான் நிறுவனம். தொகையைக் குறிக்க 'முதற்பொறுப்புத் தொகை'. இதிலும் பங்கு என்று முடித்தால் தாளை வேகமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். இப்போதிருக்கும் குழப்பமே அதுதான், ஆகவே இரண்டு சொற்களுக்கும் சாயல் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

'இந்தத் திட்டத்தில் பில்லில் கைப்பங்கு 5 விழுக்காடு. 8,000 வெள்ளி பில்லுக்கு நீங்கள் 400 வெள்ளி கட்டுவீர்கள்.'

'இந்தத் திட்டத்தில் முதற்பொறுப்பு 500 வெள்ளி. பில் 8,000 ஆனாலும் 80,000 ஆனாலும் உங்கள் காப்புறுதி வரம்புக்குள் இருந்தால் நீங்கள் கட்டுவது 500தான்.'

தம்பி, இலக்கணத்தில் தட்டும் இடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சகோதரி, முடிந்தால் இந்த இரண்டு வாக்கியத்தையும் உங்கள் வாடிக்கையாளர் யாரிடமாவது வாசித்துக் காட்டி, 'நீங்க எவ்வளவு கட்டணும்?' என்று கேட்டுப் பாருங்கள். சரியான தொகையைச் சொல்லிவிட்டால் சொற்களை அப்படியே வைத்துக்கொள்வோம்.

அடுத்து டிஆர்ஜி இருக்கிறது. ஒவ்வோர் ஊசிக்கும் பஞ்சுக்கும் தனித்தனியாக பில் போடாமல், ஒரே வகை நோய்க்கு ஒரே தொகை என்று மருத்துவமனைக்குக் கட்டும் முறை. தனியார் மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவர அரசாங்கம் முயல்கிறது. 'நோய்த்தொகுதிக் கட்டணம்' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள்.