மறு: ரெக்ரஷன் டு த மீன் – ‘சராசரி மீட்சி’ சரிவருமா?

நண்பர்களுக்கு,

‘ரெக்ரஷன் டு த மீன்’ (regression to the mean) என்பதற்குத் தமிழில் ‘சராசரி மீட்சி’ சரிவருமா என்று குழுவில் கேட்டிருந்தார்கள். தொடக்கத்தில் மிக நன்றாகவோ மிக மோசமாகவோ வந்த முடிவு, போகப்போக வழக்கமான அளவை நோக்கி வந்துவிடுவதற்குப் புள்ளியியலில் அந்தப் பெயர். இதில் ‘மீட்சி’ எனக்கு ஒட்டவில்லை. விழுந்தவன் எழுந்தால் மீட்சி, கடனிலிருந்து வெளியே வந்தால் மீட்சி. உச்சியில் இருந்தவன் இறங்கி வருவதை யாராவது மீட்சி என்போமா? நமக்கு வேண்டியது இரண்டு திசைக்கும் பொருந்துகிற சொல்.

அமெரிக்க பேஸ்பாலை வைத்துச் சொல்கிறேன். ஒரு அணி சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது, அதனால் இந்தச் சங்கதி கண்ணெதிரே நடக்கும். ஏப்ரலில் பத்து ஆட்டம் முடிவதற்குள் ஒரு அணியைத் தலையில் தூக்கி வைப்பார்கள், இன்னொன்றுக்குக் கருமாதியே செய்துவிடுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, பானை முழுக்க ஒரே கொதி. இங்கே ஒவ்வொரு ஆட்டமும் தனி அடுப்பு.

1987இல் மில்வாக்கி புரூவர்ஸ் முதல் 13 ஆட்டத்தையும் வென்றது. அந்த ஊரில் ஜார்ஜ் வெப் என்ற உணவகம், நம் அணி தொடர்ந்து 12 ஆட்டம் வென்றால் எல்லோருக்கும் இலவச ஹாம்பர்கர் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 12ஆவது ஆட்டம் ஈஸ்டர் ஞாயிறு. கடைசி இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்து, ராப் டீர் அடித்த ஹோம் ரன்னில் சமன் செய்து, டேல் ஸ்வேம் அடித்ததில் ஜெயித்தார்கள். பர்கரும் கொடுத்தார்கள். மே மாதம் அதே அணி வரிசையாக 12 ஆட்டம் தோற்றது! (அதற்கு யாரும் பர்கர் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.) முதல் 13ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் 78 வெற்றி, 71 தோல்வி. அதுதான் அந்த அணி. 13 வெற்றியும் அது இல்லை, 12 தோல்வியும் அது இல்லை.

அடுத்து, ‘சராசரி மீட்சி’க்குப் பதிலாகக் குழுவில் ஒரு ஐயா முன்வைத்த ‘சமனடைதல்’. இதில் வேறொரு ஆபத்து. முன்பு கூடுதலாக வென்றதற்குப் பின்னால் தோற்று ஈடு கட்டவேண்டும் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். சூதாடுகிறவர்களின் பழைய தப்பே அதுதான். 1984இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40இல் 35 வென்றது. மீதி 122இல் 69. வேகம் குறைந்ததே தவிர எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. சேர்த்துவைத்த வெற்றி கையில் அப்படியே இருந்தது, சீசன் முடிவில் வரும் வேர்ல்டு சீரீஸ் பட்டமும் அவர்களுக்கே.

‘சராசரி’ என்ற பாதியும் இடிக்கிறது. எந்தச் சராசரி? 1988இல் பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21 ஆட்டமும் தோற்றது. ஆறு தோல்வியிலேயே மேனேஜர் (நம் கணக்கில் தலைமைப் பயிற்சியாளர்) கால் ரிப்கென் சீனியர் வேலை போய்விட்டது, அவர் மகன்கள் இருவரும் அதே அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே. பதிலுக்கு ஃபிராங்க் ராபின்சன் வந்தும் இன்னும் 15 தோல்வி. பிறகு மீதி 140இல் 54 வென்றார்கள். 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் முதல் 25இல் 3, மீதி 137இல் 38. இரண்டு அணியும் ஏறத்தான் ஏறின, ஆனால் லீக் சராசரிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, தங்கள் உண்மையான தரம் எதுவோ அதுவரைக்கும்தான். ஒயிட் சாக்ஸ் 121 தோல்வியோடு முடித்ததை ‘சராசரி மீட்சி’ என்று எழுதினால் சிகாகோக்காரர் நம்மை அடிக்க வருவார்.

ஆகவே என் முன்மொழிவு ‘தன்மட்டத் திரும்பல்’. நீர் தன் மட்டத்தைத் தேடும் என்கிறோமே, அந்த மட்டம். ஏறியும் வரலாம், இறங்கியும் வரலாம். வினையாகவும் ஓடுகிறது: “மே மாதத்தில் அணி தன்மட்டம் திரும்பியது.” பள்ளிப் பாடநூலில் ரெக்ரஷனுக்கு ‘தொடர்புப் போக்கு’ என்று வைத்திருக்கிறார்கள். அது சமன்பாடு போடுகிற இடத்துக்குச் சரி, இந்த நிகழ்வுக்கு உதவாது.

‘மட்டம்’ என்றால் மட்டமான சரக்கு, மட்டம் தட்டுவது என்றெல்லாம் நினைவு வருமே என்று ஒருவர் தனி மடலில் கேட்டார். வரும்தான். ஆனால் கொத்தனார் ரசமட்டம் வைக்கும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை. இதைவிடக் குட்டையான சொல் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், நான் இதை விட்டுவிடத் தயார். ‘மீட்சி’ மட்டும் வேண்டாம்.