ஒரு மாத்திரைகூட விழுங்காதவனுக்கு மருந்து எதிர்ப்பு வருமா?

அறைத்தோழன், அட்லாண்டா:
என்னுடன் தங்கியிருக்கும் நண்பனுக்கு வயது 22. கருப்பினத்தவன், தன்பாலீர்ப்பாளன். சென்ற வாரம் எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது. எந்த மருந்துக்கு வைரஸ் அடங்கும் என்று காட்டும் ஜீனோடைப் அறிக்கை இன்று வந்தது. அதில் ‘கே103என்’ என்று ஒரு வரி. எஃபவிரென்ஸ், நெவிரபின் என்ற இரண்டு எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் எதிரே ‘எதிர்ப்பு உண்டு’ என்றிருக்கிறது. இதுவரை ஒரு மாத்திரைகூட விழுங்காதவன் அவன். “எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி” என்று சாப்பிடாமல் படுத்திருக்கிறான். மருத்துவரைப் பார்க்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அவனுக்கு என்ன சொல்லட்டும்?

மருந்தாளுநர், ஹூஸ்டன்:
தம்பி, சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும் என்று முதலில் சொல்லுங்கள்.

கே103என் என்பது வைரஸின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம். அது அவன் உடலில் உருவானதல்ல, கிருமியோடு சேர்ந்தே வந்தது. தொற்றுச் சங்கிலியில் முன்னால் யாரோ ஒருவருக்கு மருந்து நடுவில் நின்றிருக்கும். ரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கும்போது பெருகும் வைரஸ்தான் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. கே103என் வைரஸுக்குப் பெரிய சுமை இல்லை. அதனால் மருந்தே படாத உடலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

ஆனால் அந்த இரண்டும் பழைய மருந்துகள். இன்று அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் தருவது பிக்டெக்ராவிர் அல்லது டோலுடெக்ராவிர் உள்ள கூட்டு மாத்திரை. அவை வேறு இடத்தில் அடிப்பவை. கே103என் அவற்றைத் தொடாது. அந்தக் கூட்டில் வழக்கமாகச் சேரும் மற்ற மருந்துகளான டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் வரிகளை அறிக்கையில் பாருங்கள். ஆறு நாள் காத்திருக்கவும் வேண்டாம். இன்றே தொலைபேசியில் கேளுங்கள், முன்னதாகவே மாத்திரையைத் தொடங்க முடியும்.

வாசகர்:
அவனைப் போன்ற கருப்பினத் தன்பாலீர்ப்பு இளைஞர்கள் கட்டுப்பாடில்லாமல் திரிவதால்தானே இவ்வளவு பரவுகிறது?

மருந்தாளுநர், ஹூஸ்டன்:
இல்லை. தன்பாலீர்ப்புள்ள கருப்பின ஆண்கள், தன்பாலீர்ப்புள்ள வெள்ளையரைவிட ஆபத்தாக நடந்துகொள்வதில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. ஆனாலும் தன்பாலீர்ப்புள்ள கருப்பின ஆண்களில் இருவரில் ஒருவருக்கும், லத்தீன் வம்சாவளியினரில் நால்வரில் ஒருவருக்கும் வாழ்நாளில் எச்.ஐ.வி. உறுதியாகும் நிலை இருப்பதாக 2016-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. கணக்கிட்டது. வித்தியாசம் மருந்து கைக்கு வருவதில் இருக்கிறது. 26 வயதானால் பெற்றோரின் காப்பீட்டிலிருந்து பெயர் நீங்கும். டெக்சாஸ், ஜார்ஜியா இரண்டுமே, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை முழுமையாக விரிவாக்காத மாநிலங்கள். பெயர் ஒட்டிய மாத்திரைப் புட்டி எங்கள் அலமாரியில் நாள்கணக்கில் கிடக்கும். அழைத்தால், “காப்பீடு போய்விட்டது, அடுத்த மாதம் வருகிறேன்” என்பான் பையன். எதிர்ப்பு பிறப்பது அந்த இடைவெளியில்தான். அவனைத் திட்டி என்ன பயன்?

அறைத்தோழன், அட்லாண்டா:
நன்றி அக்கா. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டுக்கும் எதிர்ப்பு இல்லை. நாளையே வரச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் காப்பீடு இல்லை. அவனுடைய காதலன் தினமும் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறான். இந்த வகை வைரஸுக்கு அது பயன்படுமா?

மருந்தாளுநர், ஹூஸ்டன்:
பயன்படும். தடுப்பு மாத்திரையில் இருப்பவையும் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின்தான். நிறுத்தாமல் சாப்பிடட்டும், ஆனால் இந்த வாரமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காப்பீட்டுக்கு, நாளை போனதும் ரயன் ஒயிட் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். காப்பீடில்லாத எச்.ஐ.வி. நோயாளிகளின் சிகிச்சைக்கும் மருந்துக்கும் உதவ 1990 முதல் இருக்கும் அரசுத் திட்டம் அது. அந்த அறிக்கையின் நகல் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். பின்னாளில் மாத்திரையை விட்டு ஊசிக்கு மாற நினைத்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.