எறும்பும் யானையும் கட்டத்துல ஒரே அளவு: பொண்ணுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

செம்பூர்க்காரி:
பொண்ணு ரெண்டாங்கிளாஸ். டேப்லெட்ல ஒரு விளையாட்டு; படங்களைச் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அடுக்கணும். எறும்பு, தேங்காய், யானை, நீலத்திமிங்கிலம், நிலா, பூமி, சூரியன். ஒரு தப்பில்லாம அடுக்கிடறா, நட்சத்திரமா கொட்டுது. போன வாரம் சும்மா கேட்டேன், சூரியனுக்குக் குறுக்கே எத்தனை பூமியை வரிசையா வைக்கலாம்னு. யோசிக்கவே இல்லை, "மூணு"ன்னா.

விளையாட்டைக் குத்தம் சொல்ல முடியாது. எறும்பும் கட்டம் நிறைய, யானையும் கட்டம் நிறைய. எது பெருசுன்னு தெரியுது, எத்தனை மடங்குன்னு தெரியலை. 109-னு சொன்னேன், அவளுக்கு அது வெறும் நம்பர். அவங்கப்பா பட்டாணியும் கிரிக்கெட் பந்துமா விளக்க உட்கார்ந்தார்; பட்டாணி சோபாவுக்கு அடியில உருண்டதோட பாடம் முடிஞ்சுது. வேற வழி இருந்தா சொல்லுங்க.

டோம்பிவிலி லோக்கல்:
சூரியனை விடுங்க, முதல்ல திமிங்கிலம். பெரிய நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் வரைக்கும் வரும். நம்ம மும்பை லோக்கல் ட்ரெயின் பெட்டி ஒண்ணு ஏறக்குறைய 20 மீட்டர். பிளாட்பாரத்துல ஒண்ணரைப் பெட்டி நீளம் நடக்க விடுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானமாப் பார்த்துப் போங்க, காலை எட்டரைக்குப் போய் நின்னுடாதீங்க.

மாட்டுங்கா மாமா:
பட்டாணி பெருசும்மா. கடுகு எடுத்துக்கோங்க. 2 மில்லிமீட்டர் கடுகு பூமின்னா, சூரியன் 22 சென்டிமீட்டர், அதாவது ஃபுட்பால். ரெண்டுக்கும் நடுவுல 23 மீட்டருக்கு மேல விடணும். நிலா ஒரு ரவை, கடுகுல இருந்து 6 சென்டிமீட்டர். நெப்டியூனை வைக்க 700 மீட்டர் நடக்கணும். எங்க சொசைட்டி வாசல்ல பேரனோட செஞ்சு பார்த்தேன். கடுகு எங்கேன்னு ரெண்டு பேரும் தேடினதைப் பார்த்து வாட்ச்மேன் டார்ச் கொண்டு வந்தார். இதெல்லாம் ஆனப்புறம் வொர்லி நேரு கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. முதல்லயே போனா குழந்தை இருட்டுல தூங்கிடும்.

செம்பூர்க்காரி:
மாமா, டோம்பிவிலி, ரெண்டு பேருக்கும் நன்றி. கடுகு டப்பாவோட கிளம்பலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கிருத்திகை வந்துடுச்சு. சேடா நகர் முருகன் கோயில்ல 108 படி. ஏறும்போதுதான் தோணிச்சு. "ஒரு படி ஒரு பூமி, மேல போய்ச் சேர்ந்தா சூரியன் முழுசும்"னேன். எண்ணிக்கிட்டே ஏறினா. முப்பதாவது படியில நிறுத்தி, "கீழ் படி பூமின்னா நிலா இங்கதான் இருக்கு, அதுவும் கால் படி அகலம்தான்"னு சொன்னேன். திரும்பிக் கீழே பார்த்தா, மேல பார்த்தா. "நிலா இவ்ளோ தூரமா? அப்போ சூரியன் அதையும் முழுங்கிடுமா?"ன்னா. விளையாட்டுல நிலா பூமிக்குப் பக்கத்துக் கட்டம், பாவம்.

உச்சியில நின்னு, "108 தான் இருக்கு, இன்னொரு பூமி எங்கே?"ன்னு சண்டை. குருக்கள் சிரிச்சுட்டு, என்ன கணக்குன்னு கேட்டார்.

இறங்கும்போது அடுத்த கேள்வி: சூரியனுக்குப் போக எத்தனை தடவை இந்தப் படி ஏறணும்? வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 108 தடவை வருது. மாமியார் காதுல இன்னும் போடலை. போட்டா எனக்கு வேண்டுதலே வெச்சுடுவாங்க.