உள்ள ஓடுற மெஷின் தெரியுற ஆட்டோமேட்டிக் வாட்ச்: கட்டினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கறேன். என்கிட்ட இருக்கறது சீக்கோ 5, எஸ்என்கே 809ன்னு ஒரு மாடல். கருப்பு டயல், 37 மில்லிமீட்டர் தான், இப்ப எல்லாரும் கட்டற தட்டு சைஸ் வாட்ச் பக்கத்துல வெச்சா இருக்கறதே தெரியாது. கம்பெனி அதை நிறுத்திட்டாங்க, ஆனா செகண்ட் ஹேண்ட்ல இன்னும் கைமாறிட்டே தான் இருக்கு. முன்னாடி பார்த்தா ஒண்ணுமே இல்ல, திருப்பினா தான் விஷயம், பின்மூடி பூரா கண்ணாடி. உள்ள 7எஸ்26ன்னு ஒரு மெஷின், 1996-ல வந்தது, 21 கல்லு (சக்கர அச்செல்லாம் தேயாம சுத்தறதுக்கு வெக்கற சின்ன செயற்கை ரூபி). அரைவட்டமா கனமா ஒரு தகடு இருக்கும், அது தான் ரோட்டர், கையை ஆட்டினா சுத்தும். எந்தப் பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங் ஏறும்ங்கறது தான் அதுல அழகு, ஏன்னா அடியில ரெண்டு கொக்கி வெச்ச லீவர் ஒண்ணு இருக்கு, ஒரு கொக்கி பல்சக்கரத்தை இழுக்கும், திரும்பி வரும்போது இன்னொண்ணு தள்ளும். மேஜிக் லீவர்ன்னு சீக்கோக்காரங்க 1959-லயே கொண்டு வந்துட்டாங்க. இத்தனைக்கும் அது ஒரு சின்ன தகடு, அவ்வளவு தான்.

ஓரத்துல பேலன்ஸ் வீல், அதாவது நேரத்தை அளந்து குடுக்கற சக்கரம், போயிட்டு வந்துட்டே இருக்கும், மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது செகண்டுக்கு 6. நடுவுல முடி மாதிரி மெல்லிசான ஹேர் ஸ்பிரிங் சுருங்கி விரியறதை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா நல்லாவே பார்க்கலாம். ஆபீஸ் மீட்டிங்ல கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா நேரம் போறதே தெரியாது (மேனேஜர் இதைப் படிக்க மாட்டாருன்னு நம்பறேன்). ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இந்த மெஷினுக்கு சாவி குடுக்க முடியாது, கையில கட்டி நடந்தா தான் ஏறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டி வெச்சா ஞாயித்துக்கிழமை நின்னு தான் கிடக்கும். பின்னாடி வந்த 4ஆர்36 மெஷின்ல சாவியும் குடுக்கலாம், பக்கத்துல இருக்கற சாவிக் குமிழைப் பிடிச்சு இழுத்தா செகண்ட் முள்ளும் நிக்கும்.

* * *

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. எங்க காலத்துல வாட்ச் உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்னா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரிப்பேர்காரர் முன்னாடி போய் நிக்கணும், அவரு கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு மூடியைத் திறப்பாரு, நாம எட்டிப் பார்த்தா "மூச்சு விடாதே தூசி போயிரும்"னு ஒரு அதட்டு. எங்கப்பா கையில இருந்தது எச்எம்டி, தெனம் காலைல ரேடியோ செய்தி வர்ற நேரத்துக்கு சாவி குடுப்பாரு, என்னைத் தொடவே விட மாட்டாரு. ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட சேந்து 1961-ல பெங்களூர்ல செய்ய ஆரம்பிச்ச வாட்ச் அது, 2016-ல அந்த வாட்ச் கம்பெனியை மூடறதுன்னு கவர்மெண்ட்ல முடிவு பண்ணிட்டாங்க.

நான் ரிட்டயர் ஆனப்ப பசங்க எனக்கு வாங்கிக் குடுத்தது ஓபன் ஹார்ட் மாடல், டயல்லயே ஒரு ஓட்டை, அது வழியா பேலன்ஸ் ஆடறது தெரியும். கழட்டித் திருப்பற வேலை இல்ல. பேத்தி என் மடியில உக்காந்தா முதல்ல கையைத் தான் பிடிச்சு இழுக்கறா.

* * *

மேல ரெண்டு பேரும் சந்தோஷமா எழுதியிருக்கீங்க, நான் வயித்தெரிச்சலைக் கொட்டறேன். கல்யாணத்துக்கு எனக்கு ஒரு வாட்ச் கிஃப்ட் வந்துச்சு, பெட்டி மேல ஆட்டோமேட்டிக் ஸ்கெலிட்டன்னு (மெஷின் வெளிய தெரியற டைப்) தங்க எழுத்து, டயல்ல வட்டமா ஒரு ஓட்டை, உள்ள ஒரு பல்சக்கரம் வேற சுத்துது. பார்த்தா செகண்ட் முள்ளு டக்கு டக்குன்னு ஒவ்வொரு செகண்டா குதிக்குது! மூடியைத் திறந்தா உள்ள செல்லு. அந்தப் பல்சக்கரம் சும்மா ஷோவுக்கு. குடுத்தவர் சொந்தக்காரர், என்ன சொல்றது, நல்லா இருக்கு மாமான்னு சொல்லிட்டு பீரோல வெச்சுட்டேன்.

அதனால ஓட்டைக்குள்ள எது ஆடுதுன்னு பாருங்க மக்களே. உண்மையான பேலன்ஸ்னா முன்னாடியும் பின்னாடியும் ஆடும், ஒரே பக்கமா சுத்தாது, செகண்ட் முள்ளும் பொடிப் பொடியா அடி வெச்சு வழுக்கிட்டே போற மாதிரி போகும்.

* * *

ஜி அந்த மாமாவை நினைச்சா தான் பாவமா இருக்கு 😂

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், டயலே இல்லாத ஃபுல் ஸ்கெலிட்டன் ஒண்ணு வெச்சிருக்கேன். எம்ஆர்டி ட்ரெயின்ல பக்கத்துல நிக்கறவங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க, உண்மை தான், ஆனா எனக்கு மணி தெரியணும்னா போனைத் தான் எடுக்கணும். வெள்ளி கலர் சக்கரத்துக்கு மேல வெள்ளி கலர் முள்ளு, எங்க போய் தேடறது? வாங்கறவங்க முள்ளு நீலமாவோ கருப்பாவோ இருக்கற மாதிரி பார்த்து எடுங்க. அடுத்து நான் எடுக்கறதா இருந்தா முதல் பதிவு போட்டவர் சொன்ன மாதிரி முன்னாடி டயல், பின்னாடி கண்ணாடி, அது போதும். ஸ்வாட்ச் கம்பெனில சிஸ்டம்51னு 2013-ல ஒண்ணு விட்டாங்க, மெஷின்ல மொத்தமே 51 பார்ட்டு, நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூ, ஒரு தடவை ஃபுல்லா ஏறினா 90 மணி நேரம் ஓடும், பின்பக்கமும் பார்க்க சூப்பர். ஆனா அதைத் திறந்து ரிப்பேர் பண்ணவே முடியாது, நின்னா நின்னது தான். எனக்கு அது ஒப்பல, ரிப்பேர் பண்ண முடியாத மெஷினை எதுக்குக் கண்ணாடி வழியா பார்க்கணும்?

* * *

ஒரு சின்ன விஷயம். என் வாட்ச் திடீர்னு ஒரு நாளைக்கு சில நிமிஷம் ஃபாஸ்ட் ஆயிருச்சு. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன், திறக்கவே இல்ல, பக்கத்துல காம்பஸ் ஒண்ணு வெச்சாரு, காம்பஸ் முள்ளு ஆடுச்சு. காந்தம் ஏறியிருக்குப்பான்னாரு. ஹேர் ஸ்பிரிங் சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம், அப்ப ஆடற நீளம் கொறைஞ்சு வேகம் கூடிடும். ஒரு சின்ன பெட்டி மேல வெச்சு பட்டனை அமுக்கி எடுத்தாரு, சரியாயிருச்சு. ஐம்பது ரூபா தான் வாங்கினாரு. ஸ்பீக்கர் மேல, ஐபேட் கவர் மேல எல்லாம் வைக்காதீங்க. அப்பறம் ராத்திரி 9 மணில இருந்து விடியக்காலை 4 மணி வரைக்கும் தேதியைத் திருப்பி மாத்தாதீங்க, தேதிச் சக்கரம் அப்ப தான் மாட்டியிருக்கும்.

* * *

அண்ணே சூப்பர் தகவல். இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்டதால இதையும் சொல்லிடறேன். ஆன்லைன்ல பழைய சீக்கோ 5ன்னு ஆரஞ்சு, பச்சை, ஊதா கலர்ல கொறைஞ்ச விலைக்கு வருமே, அதெல்லாம் பெரும்பாலும் டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சது, கலெக்டருங்க மும்பை ஸ்பெஷல்னு சொல்லுவாங்க. போட்டோல டயல் எழுத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க, கொழகொழன்னு தடிமனா இருந்தா விட்டுடுங்க. டயல் அடியில 6 மணிக்குக் கீழ பொடி எழுத்துல மெஷின் நம்பர் இருக்கும், பின்பக்க போட்டோ கேட்டு வாங்கி உள்ள இருக்கற மெஷின் நம்பரோட ஒத்துப் பாருங்க. முன்னாடி 21 ஜுவல்ஸ்னு போட்டு உள்ள 17 கல்லு மெஷின் இருந்தா பேரம் கூட பேசாதீங்க. பின்பக்க போட்டோ அனுப்ப மாட்டேன்னு எவனாவது சொன்னா அவனை அப்பவே பிளாக் பண்ணிருங்க.