குழந்தையின் உயரம், எடை, பெர்சென்டைல்: உங்கள் அனுபவம் என்ன?

ஒன்றரை வயதுக்காரியின் அப்பா:
"மூன்றாவது பெர்சென்டைல்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். என் காதில் விழுந்தது என்னவோ நூற்றுக்கு மூன்று மார்க் என்றுதான். மூன்று வாரம், வேண்டாம் என்று தலையைத் திருப்பினாலும் விடாமல் ஊட்டினோம். ஒருநாள் ஸ்பூனைப் பார்த்ததுமே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. அவள் வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடை குறைந்தவளிலிருந்து வரிசையாக நிறுத்தினால் இவள் முன்னால் மூன்றாவதாக நிற்பாள், அவ்வளவுதான். நல்ல ஆரோக்கியமான நூறு பேரிலும் அந்த இடத்தில் யாராவது நிற்கத்தானே வேண்டும்? என்னைக் கேட்டால் டாக்டர் புள்ளி வைக்கும் அந்த வளர்ச்சி அட்டையையே தூக்கிப் போட்டுவிடலாம்.

ஒன்பது வயதுக்காரியின் அம்மா:
பள்ளியில் உயரம் 127 செ.மீ., எடை 33 கிலோ, பி.எம்.ஐ. 20.5 என்று எழுதி, "அதிக எடை" என்று அவள் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டார்கள். வீட்டில் நிமிர்ந்து நிற்கவைத்து அளந்தால் 130. பி.எம்.ஐ. 19.5. எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுப்பதால், கூச்சத்தில் குனிந்து நின்ற மூன்று சென்டிமீட்டரே ஒரு எண்ணைக் கூட்டிவிட்டது. 19.5-உம் கொஞ்சம் கூடுதல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி எடை மெஷின்மேல் ஏறும் முன் அவள் தலை கிளிப்பைக் கழற்றிக் கீழே வைத்ததைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கதவு நிலையில் கோடு போடுபவர்:
முதலில் எழுதியவருக்கு: தயவுசெய்து அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். என் மகன் நான்கு வயதில் உயரத்தில் அட்டையின் 50-ஆவது பெர்சென்டைல் கோட்டில் இருந்தான். அப்புறம் 25. ஏழு வயதில் 10-க்கும் கீழே. எடை மட்டும் ஏறிக்கொண்டே போனதால் "நன்றாகத்தானே இருக்கிறான்" என்றார்கள் எல்லோரும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுவோம். அந்த வருடம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் தேதி எழுத இடமில்லை. அந்த வயதில் வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டராவது வளர வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு சுரப்பு குறைவு. இப்போது தினம் ஒரு மாத்திரை, மறுபடி வளர்கிறான். கோடு மாறிக் கீழே இறங்குவதை அந்த அட்டை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இரட்டையரின் அம்மா:
என் இரண்டு பேரும் எட்டு வாரம் முன்னாலேயே பிறந்தவர்கள். அந்த எட்டு வாரத்தை வயதிலிருந்து கழிக்காமல் புள்ளி வைத்து எங்களைப் பயமுறுத்தினார்கள். கழித்துப் பார்த்ததும் சரியாகிவிட்டது. இரண்டு வயதுவரை அப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் சொல்கிறேன், அளப்பதைச் சரியாக அளங்கள். செருப்பு, கொண்டை இரண்டும் கூடாது. குதிகால் சுவரில் ஒட்டியிருக்கட்டும், பார்வை நேராக இருக்கட்டும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதன்பிறகு நிற்கவைத்து. மாற்றும்போது சுமார் 0.7 செ.மீ. குறையும், குழந்தை குட்டையாகிவிட்டது என்று பதறாதீர்கள். எந்த சார்ட் என்றும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது இந்தியா உட்பட ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு சார்ட் வேறு. ஒரு தடவை இதிலும் மறு தடவை அதிலும் புள்ளி வைத்தால் இல்லாத சரிவு தெரியும். அப்பா அம்மா உயரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. எல்லையைக் குழந்தைக்குப் பார்க்கவே பார்க்காதீர்கள், வயதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றரை வயதுக்காரியின் அப்பா:
கதவு நிலைக்காரரே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்கு புள்ளிகள். ஆறு மாதத்திலிருந்தே நான்கும் அதே மூன்றாவது கோட்டின்மேல்தான் இருக்கின்றன. அன்றைக்குக் கடைசிப் புள்ளியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.